காகம் தின்ற ஈசல்

என் பெண்டாட்டி வயிற்றில் இருந்த பிள்ளை பச்சையாக மின்னிக்கொண்டு பிறக்கப் போகிறது என்று நான் மூன்று வாரம் முழுசாக நம்பினேன்.

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுவது நல்லது. கதையின் நடுவில் சொன்னால் யாராவது எனக்காகப் பரிந்து பேச வருவார்கள். அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்பு வரை போனவன். தோட்டத்தில் கண்டக்டர் வேலை. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் இல்லை. வெளிக்காட்டில் யார் எந்த நிரையில் மரம் சீவ வேண்டும், எங்கே புல் வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவனுக்குத் தோட்டங்களில் அந்தப் பெயர். இருநூறு பேருக்கு முன்னால் அரைக்கால் சட்டையும் விறைப்புமாக நின்று சத்தம் போடுகிற அந்த மனிதன்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, பெண்டாட்டி இருட்டில் மின்னுகிறாளா என்று உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எல்லாம் கரையானால் வந்தது. கரையானைச் சொல்லிக் குற்றமில்லை. கரையானை ஆராய யார் பணம் கொடுப்பது, எப்போது கொடுப்பது, எந்தத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டுக் கொடுப்பது என்ற கூத்தால் வந்தது.

எழுபதுகளின் நடுவில், கெடா மாநிலத்தில், செமிலிங்கிலிருந்து உள்ளே தள்ளி, ஜெராய் மலை எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுகிற ஒரு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். ஒருநாள் காலை, கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒரு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து இறங்கினாள். அலோர் ஸ்டார்காரி, தமிழ்ப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கிறாளாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “இந்த மிஸ்ஸுக்கு வேண்டியதைச் செய்து கொடு” என்றார். வேண்டியது என்ன என்று அவருக்கும் தெரியவில்லை.

தீம்பார் என்று நாங்கள் சொல்கிற பழைய ரப்பர்க் காட்டின் ஓரத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு கரையான் புற்று என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. மறுநடவுக்காக மற்ற புற்றுகளையெல்லாம் இடித்தாகிவிட்டது. இது மட்டும் வாய்க்கால் திருப்பத்தில் இருந்ததால் தப்பியது. அதைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை, வளைகாப்பு வீட்டில்கூட நான் பார்த்ததில்லை.

“அண்ணே, இந்தப் பக்கத்துல கரையான் முக்கியமா ரெண்டு சாதி. ஒன்னு, உயிரோட நிக்கிற கித்தா மரத்தையே தின்னும். இன்னொன்னு, கீழ விழுந்த சருகைத் தின்னுட்டு, புத்தைக் கட்டிக்கிட்டு, தானுண்டு தன் சோலியுண்டுன்னு இருக்கும்.”

“நீங்க எதைப் படிக்கிறீங்க தங்கச்சி?”

“சோலிய பாத்துக்கிட்டு இருக்கிறதை.”

“காசு எதுக்குக் குடுக்கிறாங்க?”

“மரத்தைத் தின்றதுக்கு.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பு சீக்கிரத்தில் தீர்ந்துபோயிற்று. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கடைசியாக ஒரு வரி சேர்ப்பாளாம்: இந்தக் கரையானும் ஒருநாள் மரத்தைத் தின்னக்கூடும், முன்கூட்டியே தெரிந்துவைப்பது நல்லது. “தின்னுமா?” என்று கேட்டேன். “உங்க ஆயுசுல தின்னாது, என் ஆயுசுலயும் தின்னாது. ஆனா அப்படி எழுதலன்னா கவரையே பிரிக்க மாட்டாங்கண்ணே” என்றாள்.

அவள் திட்டம் இதுதான். கரையான் மண்ணுக்கு அடியில் சுரங்கம் போட்டுப் போகிறது. எவ்வளவு தூரம் போகிறது என்று மேலிருந்து தெரியாது. தோண்டிப் பார்த்தால் சுரங்கம் நாசமாகும். அதனால் கதிர்வீச்சு உள்ள மருந்தைக் கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், இரையில் கலந்து புற்றில் வைப்பது. கரையான் தின்று ஊருக்கெல்லாம் பங்கு போடும். பிறகு ஒரு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தரைமேல் நடந்தால், அடியில் கரையான் இருக்கிற இடத்தில் பெட்டி டிக்டிக் என்று அடிக்கும். தரைக்கு மேலே நின்றுகொண்டே தரைக்குக் கீழே இருக்கிற ஊரின் படம் வரைந்துவிடலாம்.

எனக்குப் பிரமிப்பாக இருந்தது. அப்படியென்றால் மருந்து எங்கே என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களே! கண்டக்டருக்குத் தெரியாதது தோட்டத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்பது கண்டக்டர் மட்டும் நம்புகிற ஒரு விதி.

கருவி வாங்க ஒரு இடத்திலிருந்து பணமாம். மருந்து வாங்க வேறு ஒரு இடமாம். பெட்ரோலுக்கு எந்த இடமும் இல்லையாம். அந்தப் பணம் வரும்வரை கையில் இருந்த பெட்டி இரவல். முதலில் வந்தது அறிவிப்புப் பலகை. மஞ்சள் தகரத்தில் மின்விசிறி இறக்கைபோல மூன்று கறுப்பு இதழ், கீழே ‘அபாயம்’. நான்தான் ஆள் வைத்து நட்டேன். ஒரு மாதம் கழித்து இரண்டு அதிகாரிகள் காரில் வந்து, புற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பலகை தாழ்வாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். பிடுங்கி உயர்த்தி நட்டேன். மறுபடி வந்தார்கள். மலாய் எழுத்து மேலேயும் ஆங்கிலம் கீழேயும் இருக்க வேண்டுமாம். பெயிண்ட் அடித்து மூன்றாம் தடவை நட்டேன். அதற்குள் அந்தக் குழிக்கும் எனக்கும் ஒரு சொந்தமே ஏற்பட்டுவிட்டது. அவள் பக்கத்தில் நின்று, கோபத்தில் ஒரு குச்சியை ஒடித்து ஒடித்துத் தரையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒருநாள், “அண்ணே, இன்னிக்கி யாரும் இந்தப் பக்கம் வராம பாத்துக்குங்க” என்றாள். ரப்பர் கையுறை, கசாப்புக் கடைக்காரர்போல ஓர் ஏப்ரன், நீளமான இடுக்கி. அந்த இடுக்கியால் ஒரு சின்ன பாட்டிலைத் தூக்கி, சிவப்பாக எதையோ புற்றுக்குள் ஊற்றினாள். அந்த அதிகாரிகளில் ஒருவர் நோட்டும் கையுமாக நின்று பார்த்தார். யாரும் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாளே, நான் எல்லாரையும்விடத் தூரமாகப் போய் நின்று பார்த்துக்கொண்டேன். மேனேஜர் மறுநாள் கூப்பிட்டு, “அந்தப் புற்றுக்கு ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு” என்றார். ஆக, தோட்டத்திலேயே அந்தப் புற்றைத் தொடக் கூடாது என்று நன்றாகத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். மேலே படியுங்கள்.

என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். கல்யாணமாகி நான்காவது வருஷம். அதற்கு முன்னால் ஒன்று தங்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவள் துணி உலர்த்தப் போகும்போது கூடையை நான் எடுத்துக்கொள்வேன், அவ்வளவுதான். மசக்கை மற்றவர்களுக்கு மூன்று மாதத்தில் தெளியும். இவளுக்கு ஐந்திலும் தெளியவில்லை. சோறு வாடை ஆகாது. குழம்பு தாளித்தால் வீட்டை விட்டே போய்விடுவாள். தோட்டத்து வைத்தியம் பார்க்கிற டிரெஸர் கொடுத்த சத்து மாத்திரை, போன வேகத்தில் திரும்பி வரும்.

கெடாவில் தை, மாசி இரண்டும் மண் வெடிக்கிற வெயில். பங்குனியில்தான் முதல் மழை. அந்த வருஷம் அந்த மழை தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் வந்தது. நாங்கள் கத்தோலிக்கர், அன்று கறி கிடையாது. மழை விட்ட சாயங்காலம், வாசலில் நின்று மண் வாசனையை இழுத்துக்கொண்டிருந்தவள் திரும்பி, ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, “எனக்கு ஒன்னு திங்கணும்போல இருக்குங்க” என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “சொல்லு, சொல்லு. சுங்கை பட்டாணி டவுனுக்குப் போய் வாங்கியாறேன்.”

“ஈசல்.”

ஈசல் தின்னாதவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் மழைக்குப் புற்றிலிருந்து சிறகு முளைத்துப் புறப்படுகிற கரையான்தான் ஈசல். வெறும் சட்டியில் வறுத்தால் சிறகு உதிரும். முறத்தில் புடைத்து, பொரியும் காய்ந்த மிளகாயும் உப்பும் சேர்த்துப் பிரட்டினால், நிறுத்தத் தெரியாமல் தின்னலாம். தோட்டத்தில் எங்கள் தாய் தகப்பன் காலத்திலிருந்து தின்கிறோம். அன்றைக்கு ஈசல் புறப்பட எங்கள் பக்கத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு புற்று.

நான் புற்றைத் தொடவில்லை. இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். பலகைக்கு இந்தப் பக்கம், வெளியே, ஓர் அரிக்கேன் விளக்கையும் அடியில் ஒரு பேசின் தண்ணீரையும் வைத்தேன். ஈசல் தானாக வந்து விழுந்தது. அரை மணியில் பேசின் நிறைந்தது. வறுத்துக் கொடுத்தேன். அவள் முக்கால் பங்கு தின்றாள், நான் கால் பங்கு. தின்றதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அவள் விரலில் ஒட்டிய உப்பை நக்கிவிட்டு, “நாளைக்கும் மழை வருமா?” என்று கேட்டாள்.

மறுநாள் காலை அந்தப் பெண் வந்தாள். ஈசல் புறப்படும்போது எண்ணிக் கணக்கெடுக்க வேண்டும் என்று மூன்று மாதமாகக் காத்திருந்தவள். புற்றைச் சுற்றிச் சிறகு மட்டும் குப்பையாகக் கிடந்தது.

“எல்லாம் எங்கண்ணே போச்சு?”

“காகம் லா தங்கச்சி” என்றேன். எப்படி வந்தது அந்த வார்த்தை என்று எனக்கே தெரியாது. “எக்கச்சக்கமான காகம்.”

“சாயங்காலத்துலயா?”

“லேட்டா போற காகம்.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் பலகையைப் பார்த்தேன். மூன்று கறுப்பு இதழும் என்னைப் பார்த்தன. அப்போதுதான், மெல்ல, கால் கட்டைவிரலிலிருந்து ஏறி வருகிற மாதிரி, அந்த யோசனை வந்தது. சிவப்பு மருந்து. இடுக்கி. ஏப்ரன்.

“தங்கச்சி, ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். இந்த மருந்து ஈசலுக்குள்ளயும் போவுமா?”

“போவாம? வேலைக்காரக் கரையான்தானே வாய்க்கு வாய் ஊட்டி வளக்குது. அது தின்னதெல்லாம் ஈசலுக்குப் போவும்.”

“அந்த ஈசலைத் தின்ன... காகத்துக்கு?”

“மருந்து தின்ன பூச்சியைத் தின்னா காகத்துக்குள்ள போவும். அது முட்டையிட்டா முட்டைக்குள்ளயும் போவும்.” தலையில் கை வைத்துக்கொண்டாள். “கடவுளே, காகம் வருதுன்னு தெரிஞ்சா அதுக்கும் ஒரு ஃபாரம் நிரப்பச் சொல்லுவாங்க. மூணு பிரதி!”

முட்டைக்குள்ளயும் போவும். அன்று வெளிக்காட்டில் நான் யாருக்கு என்ன வேலை சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை. ஒரு கும்பலை நேற்றுப் புல் வெட்டிய இடத்துக்கே மறுபடி அனுப்பியிருக்கிறேன். அவர்களும் போய் நிழலில் உட்கார்ந்துவிட்டு வந்து, “நல்லா வெட்டிட்டோங்க” என்றார்கள். “நல்லது” என்றேனாம்.

உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். சொன்னால் மேனேஜர் காதுக்குப் போகும். போனால் வேலை போகும். வேலையோடு வீடும் போகும், தோட்டத்து வீடு. நிறைமாதத்தை நோக்கிப் போகிறவளை எங்கே கொண்டுபோய் வைப்பது? மனைவியிடமும் சொல்ல முடியாது. ஏற்கனவே ஒன்றை இழந்தவளிடம், நானே கையால் வறுத்துக் கொடுத்ததில் விஷம் இருந்தது என்று எப்படிச் சொல்வது? ஆகவே தனியாகப் பயந்தேன். நான் தனியாகச் செய்கிற எதுவும் உருப்படியாக இருந்ததில்லை.

டிரெஸரிடம் போய் நாசூக்காக விசாரித்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி அவர் ராஜ்யம்.

“இந்தக் கதிர்வீச்சு ஒடம்புக்குள்ள போச்சுன்னா என்ன செய்யணும்?”

“யாருக்குப் போச்சு?”

“ஒரு காகத்துக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “நெறைய தண்ணி குடிக்கச் சொல்லு. எல்லாம் எறங்கிரும்” என்றார். பல்வலிக்கும் அவர் அதைத்தான் சொல்வார். ஆனாலும் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அன்று முதல் தினம் நாலு இளநீர். நானே பாராங் கத்தியால் சீவிக் கொண்டுவந்து, அவள் குடித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பேன். சிகரெட்டை விடுகிறேன் என்று நேர்ந்துகொண்டு விட்டேன். தண்ணீர் எடுத்தேன், துணி துவைத்தேன். லயத்துப் பெண்கள் குழாயடியில் என்னைப் பார்த்து, “ஏன்க்கா, ஐயாவுக்கு எத்தனையாவது மாசம்?” என்று என் மனைவியையே கேட்டார்கள்.

அப்புறம்தான் அந்த ஜன்னல் விவகாரம். கதிர்வீச்சு இருட்டில் பச்சையாக மின்னும் என்று எங்கேயோ படித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, சாப்பிட்டதும் ஜன்னல்களைச் சாத்தினேன். கதவிடுக்கில் துண்டைச் செருகினேன்.

“என்னங்க இது, பட்டப்பகல்ல?” என்றாள் அவள், ஒரு மாதிரியான குரலில்.

“சும்மா உக்காரு.”

“சும்மா உக்காரவா ஜன்னல சாத்துனீங்க?”

உற்றுப் பார்த்தேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று இடது கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு மாமனார் கட்டிவிட்ட பழைய கடிகாரம். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார சிப்பாயிடம் அவர் வாங்கியது. முள்ளும் எண்களும் இருட்டில் பச்சையாக மின்னின. அவள் மின்னவில்லை. பத்து நிமிஷம் பார்த்தேன். அவள் தூங்கிவிட்டாள். எனக்குப் பாதி நிம்மதி. உள்ளே இருப்பது மின்னினால் வெளியே தெரியுமா என்று மீதிப் பாதி.

அடுத்த சனிக்கிழமை சுங்கை பட்டாணிக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்போல இருந்தது.

“ஃபாதர், நான் ஒரு பொய் சொன்னேன். எனக்குச் சொந்தமில்லாத ஈசலைத் தின்னேன்.”

வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “எப்ப?”

“போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை.”

“வெள்ளிக்கிழமையா? தவக்காலத்துலயா?” என்றார். “ஈசல்... மீனும் இல்ல. பறக்குது. ஆனா ரத்தம் இருக்கா?”

“ஃபாதர், பிரச்சினை அது இல்ல. என் வீட்டுக்காரியும் தின்னா.”

“அவங்க மாசமா இருக்காங்கல்ல? அவங்களுக்குச் சுத்தபோசன விரதம் இல்ல. விட்டுடு. உன் விஷயம்தான் யோசிக்கணும்.”

“ஃபாதர், அந்த ஈசலுக்குள்ள மருந்து...”

பின்னால் வரிசையில் நின்ற யாரோ இருமினார்கள். “பொய்க்கு மூணு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லு. ஈசலுக்கு என்னன்னு நான் கேட்டுச் சொல்றேன்” என்று ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். இன்றுவரை கேட்டுச் சொல்லவில்லை.

இதற்கிடையில் அந்தப் பெண் வாரத்துக்கு இரண்டு தடவை வந்துகொண்டுதான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, “காகம் எப்படி இருக்குண்ணே?” விஞ்ஞானியின் அக்கறை என்று நினைத்து நானும், “நல்லா இருக்கு தங்கச்சி. தண்ணி நெறைய குடிக்குது” என்பேன். அவளுக்கு வேறு கவலை. பணம் கொடுக்கிற இடத்திலிருந்து வரவேண்டிய கடிதம் வரவில்லை. மோட்டார் டயர் வழுக்கையாகிவிட்டது. புற்றுக்குப் பக்கத்தில் குந்தியபடி, கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, சருகு தூக்கிப் போகிற கரையானை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பாள். இத்தனை பெரிய கருவி இருக்கும்போது ஏன் விரல் விட்டு எண்ணுகிறாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பயந்தவனுக்குக் கண் இருந்து என்ன பிரயோஜனம்?

ஈஸ்டர் நெருங்கியது. என் தலைக்குள் ஒரு திட்டம் முளைத்தது. “தங்கச்சி, ஈஸ்டருக்கு நம்ம வீட்டுல சாப்பாடு. வரும்போது அந்தப் பெட்டியையும் கொண்டாங்க. வீட்டுக்காரி பாக்கணும்னு உயிரை எடுக்கிறா” என்றேன். வீட்டுக்காரிக்கு அப்படி ஓர் ஆசை இருப்பது அவளுக்கே தெரியாது.

வந்தாள். கோழிக் கறி, ரசம், பாயசம். மனைவி நாற்காலியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெண்களும் ஏற்கனவே நன்றாகப் பழகியவர்கள்போலப் பேசிக்கொண்டதை நான் கவனித்தேன்; ஆனால் காரணம் கேட்கவில்லை. என் கண் பெட்டியின்மேல் இருந்தது. சாம்பல் நிறத் தகரப் பெட்டி, மேலே கைப்பிடி, சுருள் கம்பியில் ஒரு குழல்.

“நான் பிடிச்சுப் பாக்கட்டுமா?” என்று கேட்டு, பதில் வருவதற்கு முன் குழலை வலது கையில் எடுத்துக்கொண்டேன். அவள் பொத்தானைத் திருப்பினாள்.

டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டிக். டிக்.

குழலை மனைவியின் வயிற்றை நோக்கி நீட்டினேன். டிக். டிக். ஆடாமல் பிடிக்க வேண்டும் என்று, இடது கையை அவள் வயிற்றின்மேல் ஊன்றி, குழலை அந்தக் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டுகிற மாதிரி பெட்டி அலறியது.

குழலைக் கீழே போட்டுவிட்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். “காகம் இல்ல தங்கச்சி” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. “காகமே இல்ல. நான்தான். நான்தான் புடிச்சு வறுத்துக் குடுத்தேன். முக்காவாசி அவதான் தின்னா. என்ன வேணும்னாலும் செய்யுங்க, மேனேஜர்கிட்ட சொல்லுங்க, புள்ளைக்கு ஒன்னும் ஆவாம ஒரு வழி சொல்லுங்க.”

மனைவி என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஒன்னும் இல்லன்னு சொன்னியே தங்கச்சி? குழாயடியில வச்சுக் கேட்டேனே. சத்தியமா ஒன்னும் இல்லக்கான்னு சொன்னியே? என்னா சத்தம் இது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது: இவள் முன்னாலேயே கேட்டிருக்கிறாள்.

அந்தப் பெண்ணுக்கும் முகம் மாறியிருந்தது. குழலை எடுத்து மனைவியின் வயிற்றின்மேல் வைத்தாள். டிக். டிக். நகர்த்தினாள். டிக். கோழிச் சட்டியருகே கொண்டுபோனாள். டிக். என் தலை, டிக். என் நெஞ்சு, டிக், டிக். என் இடது தோளிலிருந்து குழல் கீழே இறங்கியது. மணிக்கட்டுக்கு வந்ததும் ஆலங்கட்டி மழை.

“அண்ணே,” என்றாள், “கடிகாரத்தைக் கழட்டுங்க.”

கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தேன். குழலை என் வெறும் மணிக்கட்டில் வைத்தாள். டிக். ஜன்னல் கட்டைக்குக் கொண்டுபோனாள். பெட்டி அலறியது.

“ரேடியம்” என்றாள். “எண்ணு மின்னுறதுக்காகப் பூசுவாங்க. பழைய கடிகாரத்துல நெறைய இருக்கும்.” நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, என்னைப் பார்த்து, அப்புறம் என் மனைவியைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. வயிற்றிலிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு எழுந்து, ஜன்னல் கட்டையிலிருந்த கடிகாரத்தைப் புடவைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய், கொல்லையில் கோழிக்கூட்டுக்கும் தள்ளி ஒரு மில்க்மெய்ட் டின்னில் போட்டு மூடிவிட்டு வந்தாள். அவள் அப்பா கொடுத்த கடிகாரம்.

“அப்ப புத்துல ஊத்தின சிவப்பு மருந்து?” என்றேன்.

“ரோஸ் சிராப்புண்ணே. தண்ணியில கலந்தது. ஊத்துற மொறை சரியா இருக்கான்னு அந்த ஆபீசர் பாக்கணும்னாரு. ஒத்திகை.”

“நெஜ மருந்து?”

அவள் விரல் விட்டுச் சொன்னாள். பலகை நட்டால்தான் இடத்தைப் பார்வையிட வருவார்கள். பார்வையிட்டால்தான் அனுமதி. அனுமதி இருந்தால்தான் பணம். பணம் வந்தால்தான் மருந்துக்கு எழுதிப் போடலாம். எழுதிப் போட்டால் கப்பலில் வர மூன்று மாதம். அவள் பலகையைத் தாண்டி அனுமதி வரைக்கும்தான் வந்திருந்தாள். பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். அந்த வாரம்தான் வந்ததாம். மரியாதையான ஆங்கிலம். கித்தா மரத்துக்குச் சேதம் விளைவிக்காத பூச்சியானதால் உதவ இயலாமைக்கு வருந்துகிறோம். மரத்தைத் தின்கிற கரையானை ஒழிக்கும் வழியை ஆராய்வதானால் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

“ஒன்னும் தின்னாததுதான் அது செஞ்ச தப்பு” என்றாள். “பெட்டிய வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பிக் குடுக்கணும்.”

நான் மனைவியிடம் திரும்பினேன். “ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

“ஜன்னல சாத்திட்டுப் பேய் மாதிரி பாத்தீங்களே, அன்னிக்கே சந்தேகம். மறுநாள் குழாயடியில கேட்டேன். ஒன்னும் இல்லன்னுச்சு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க எங்கிட்ட சொன்னீங்களா?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “இளநீயும் நல்லா இருந்துச்சு” என்றாள்.

“காகம் தண்ணி நெறைய குடிக்குதுன்னு நீங்க சொல்றப்பெல்லாம், அந்த வாய்க்கால் வரைக்கும் போய்ச் சிரிச்சிட்டு வருவேன்” என்றாள் அந்தப் பெண்.

வெள்ளிக்கிழமை அவள் பெட்டியை மோட்டாரில் கட்டிக்கொண்டு போனாள். பிறகு வரவில்லை. மரத்தைத் தின்கிற கரையானுக்கு மருந்தடிக்கும் ஆராய்ச்சியில் சேர்ந்து, அதற்குப் பணமும் கிடைத்தது என்று ஒரு கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தாள். வாய்க்காலை நேராக்கியபோது அந்தப் புற்றை இடித்தார்கள். இடிக்கச் சொன்னது நான்தான், மேனேஜரின் உத்தரவு. பலகையை மூன்றாம் தடவையாகப் பிடுங்கி ஸ்டோரில் வைத்தேன். சிகரெட்டை ஜூன் மாதம் மறுபடி தொடங்கினேன்.

ஆவணி மாதம், சுங்கை பட்டாணி அரசாங்க ஆஸ்பத்திரியில், விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்த அறையில் எங்கள் மகள் பிறந்தாள். மற்ற பிள்ளைகளைப்போலத்தான் இருந்தாள். புற்றில் யாரும் எந்த மருந்தும் ஊற்றவில்லை. வாங்கப் பணம் வரவில்லை.